எடை, பல்வலி, ஓட்டம்: சிறப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாலை நேர உடற்பயிற்சி வகுப்பு நடத்தும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பதில் சொல்கிறார்.

மகனுக்கு 19 வயது, டவுன் சிண்ட்ரோம். எடை ஏறிக்கொண்டே போகிறது. நடக்கச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிறான். சோம்பேறித்தனமா மேடம்?

அந்த முடிவுக்கு வருமுன் ரத்தப் பரிசோதனை எடுங்கள். டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குரோமோசோம் மாற்றத்தில் தைராய்டு சுரப்பு குறைவது சகஜம். வருடம் ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறானா? அப்படியானால் பகலெல்லாம் தூங்கித்தான் வழிவான். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வலிப்புக்கும் நடத்தைக்கும் கொடுக்கும் சில மருந்துகள் பசியைக் கிளப்பிவிடும்.

அப்புறம் சாப்பாடு. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் சோறு பிரச்சினையே இல்லை. சொன்னதைச் செய்தால் கிரீம் பிஸ்கட், அடம் பிடித்தால் சிப்ஸ், “பாவம், அவனுக்கு வேற என்ன சந்தோஷம்” என்று பாட்டி தரும் மிக்சர். பிடித்த பாட்டு, ஒரு பஸ் பயணம் என்று பரிசை மாற்றிப் பாருங்கள். சும்மா நட என்றால் யார்தான் நடப்பார்கள்? பையைக் கையில் கொடுத்துக் காய்கறி வாங்கக் கூட்டிப்போங்கள்.

மகள் பேசமாட்டாள். ஒரு மாதமாகக் கன்னத்தில் அடித்துக்கொள்கிறாள். மருந்தைக் கூட்டச் சொல்லலாமா?

முதலில் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சொத்தைப் பல், ஈறு வீக்கம், ஒரு பக்கமாகவே மெல்வது, குளிர்ந்த தண்ணீரைத் தள்ளிவிடுவது எல்லாமே தடயம்தான். அடுத்து காது, மலச்சிக்கல், மாதவிடாய் வலி. திடீரென்று மாறிய நடத்தையை “அவள் அப்படித்தான்” என்று ஒதுக்குவதால் தெரியாமல் போகிற வலிகள் ஏராளம். சில டாக்டர்களும் இதைச் செய்கிறார்கள். வலி இல்லை என்று உறுதியான பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம்.

பல் டாக்டரிடம் முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே போதும். அடுத்த தடவை கண்ணாடியை உள்ளே விட்டுப் பல்லை எண்ணட்டும். இப்படிப் பழக்கத் தயாராக இருக்கும் டாக்டரைத் தேடிப் பிடியுங்கள்.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நன்றாக ஓடுகிறவர்களுக்கு மட்டும்தானே?

இல்லவே இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பு அது; 1968-இல் சிகாகோவில் அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கியது. நம் நாட்டில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் நடத்துகிறது. 8 வயதிலிருந்து போட்டியில் சேரலாம், மேல் வயது வரம்பு கிடையாது. முதலில் ஓடவிட்டு நேரம் பார்த்து, ஏறக்குறைய சமமானவர்களை ஒரே பிரிவில் போடுவார்கள். மெதுவாக ஓடுகிறவருக்கும் உண்மையான பந்தயம் கிடைக்கும்.

பலருக்குத் தெரியாதது, 1997 முதல் நடக்கும் அதன் ‘ஹெல்தி அத்லெட்ஸ்’ முகாம்கள். கண், காது, பல், பாதம் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். காதை அடைத்த அழுக்கு, விரலை நசுக்கும் ஷூ என்று சின்னச் சின்னதாக எவ்வளவோ அங்கே பிடிபடும்.

டவுன் சிண்ட்ரோம் என்றால் கழுத்தெலும்பு இணைப்பு தளர்ந்திருக்கலாம். குட்டிக்கரணம், தலைகீழாகத் தண்ணீரில் குதிப்பது இதெல்லாம் டாக்டரைக் கேட்ட பிறகுதான். நடை தள்ளாடினாலோ, கை பலவீனமானாலோ, புதிதாகச் சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

நிராமயா காப்பீடு எடுக்கலாமா?

கட்டாயம் எடுங்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. சேர மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. தெரபிக்கும் வெளிநோயாளி செலவுக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு. அசல் பில்களைப் பத்திரமாக வையுங்கள், வருடா வருடம் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

எங்கள் ஊரில் எதுவுமே இல்லை. நாலு குடும்பம் சேர்ந்து தொடங்கலாமா? ஒரு பையனுக்கு வலிப்பு வரும், அதுதான் பயம்.

தாராளமாக. பள்ளி மைதானம், ஒரு பந்து, வாரா வாரம் அதே கிழமை, அதே நேரம். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், நம் பிள்ளைகளுக்கு அது முக்கியம். பக்கத்துத் தெருப் பையன்களையும் சேர்த்து ஆடவிடுங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துண்டு. சாவி, இரும்பு, வாயில் தண்ணீர் எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108. நீச்சல் என்றால் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பவர் கணக்கில் வரமாட்டார்.