மின்திறனில் பாதி சுத்தம் என்கிறார்களே, புகை ஏன் பாதியாகவில்லை?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: மேட்டூர் அனல்மின் நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர்

கேள்வி: ஐயா, நாட்டின் மின்திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு இல்லாத வழிகளுக்கு வந்துவிட்டதாகச் செய்தியில் படித்தேன். அப்படியானால் கரியமில வாயுவும் பாதியாகக் குறைந்திருக்க வேண்டுமே?
- விசைத்தறி உரிமையாளர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான் தம்பி. 2025 ஜூனில் அந்தப் பாதியைத் தொட்டோம். ஆனால் அது நிறுவிய திறன். கொட்டகையில் நிற்கிற தறிகளின் எண்ணிக்கை வேறு, அன்றைக்கு மடித்து வைத்த துணி வேறு அல்லவா? சூரியப் பலகை தன் திறனில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்சாரம் தரும். காற்றாலை ஆடியில் சுற்றோ சுற்றென்று சுற்றும், மார்கழியில் அடங்கிவிடும். அதனால் நாம் உண்மையில் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் இன்னும் நிலக்கரிதான்.

மேட்டூர் தெர்மலில் நான் ஷிப்ட் பார்த்த அலகுகள், அதாவது மின் உற்பத்தி இயந்திரத் தொகுதிகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். அப்படி ஓர் அலகு முழு லோடில் ஒரு மணி நேரம் ஓடினாலே சுமார் 200 டன். பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கும் டிவியும் போடும் நேரத்தில், எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் சென்னை லோடு டெஸ்பாட்ச் மையத்திலிருந்து போன் வரும், உற்பத்தியைக் கூட்டுவோம். சூரியன் இல்லாத அந்த நான்கு மணி நேரத்துக்கு வழி செய்யாத எந்தக் கொள்கையும் கரியைக் குறைக்காது. இதை உறுதியாகவே சொல்கிறேன்.

வழி இருக்கிறது. வால்பாறைப் பக்கம் கடம்பாறையில், மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கும் நிலையம் எண்பதுகளின் இறுதியிலிருந்தே இருக்கிறது. அப்படி இன்னும் பல கட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் விலை. 2012-ல் பிரிட்டனின் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரி. 2013-ல், வெளியேற்றும் கரியமில வாயுவுக்கு மின் நிலையங்கள் கட்ட வேண்டிய குறைந்தபட்ச விலை ஒன்றை வைத்தார்கள். கரியில் ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை. 2024 செப்டம்பர் 30-ல் கடைசி நிலையத்தையும் மூடினார்கள். ஜெர்மனி காற்றிலும் சூரியனிலும் நம்மை மலைக்க வைத்த நாடு. ஆனால் 2023 ஏப்ரலில் மிச்சமிருந்த அணு உலைகளையும் நிறுத்திவிட்டு, கரிக்கு 2038 வரை தவணை கொடுத்திருக்கிறது. வரிசையை மாற்றியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நாமும் 2010-ல் ஒரு டன் கரிக்கு 50 ரூபாய் வரி போட்டோம். 2016-ல் அது 400 ஆனது. சுத்தமான மின்சாரத்துக்கு என்று தொடங்கிய வரி. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தப் பணம், ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு ஏற்படும் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போய்விட்டது. எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் அது.

கேள்வி: சேர்வராயன் மலையில் இவ்வளவு மரங்கள் இருக்கின்றனவே, மேட்டூர் புகையை அவை இழுத்துக்கொள்ளாதா ஐயா?
- கல்லூரி மாணவி, ஏற்காடு

பதில்: நல்ல கேள்வி அம்மா. நன்றாக வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை இழுக்கும் என்று தோராயமாகக் கணக்கிடுவார்கள். நான் சொன்ன 200 டன்னோடு வைத்துப் பாருங்கள். ஓர் அலகின் ஒரு மணி நேரப் புகைக்கு, பத்தாயிரம் மரங்கள் ஓர் ஆண்டு முழுக்க உழைக்க வேண்டும். காப்பித் தோட்டத்து நிழல் மரங்களை வெட்டாமல் காக்கத்தான் வேண்டும். மண்ணுக்கும் ஊற்றுக்கும் பறவைக்கும் அவை வேண்டும். ஆனால் கரி எரிப்பதற்கு ஈடாக அவற்றைக் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: மாடியில் சோலார் போட மானியம் எவ்வளவு?
- இல்லத்தரசி, அழகாபுரம்

பதில்: 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். கடந்த ஆண்டு பில்களை எடுத்து வைத்து, உங்கள் யூனிட் கணக்கைப் பார்த்த பிறகு அளவை முடிவு செய்யுங்கள் அம்மா. பக்கத்து மாடியின் நிழல் விழுகிறதா என்றும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்த்துவிடுங்கள்.