தடை நீங்கினால் மட்டும் போதாது: நோய் எதிர்ப்பு கேள்வி-பதில்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, தொண்டி: டி செல் இருக்கும்போது என்.கே. செல் எதற்கு?

இரண்டுமே கெட்டுப்போன செல்லைக் கொல்லும் வெள்ளையணுக்கள்; என்.கே. என்றால் 'இயற்கைக் கொல்லி'. டி செல் ஆதாரம் கேட்கும். செல்லுக்குள் உருவாகும் புரதங்களின் துண்டுகள், 8 முதல் 10 அமினோ அமில நீளத்தில், எம்.எச்.சி. முதல் வகை என்ற ஏந்திக் காட்டும் மூலக்கூறில் ஏறி வெளிப்பரப்புக்கு வரும். அதில் வைரஸின் துண்டு இருந்தால் சிடி8 டி செல் அந்தச் செல்லைக் கொல்லும். ஆனால் பொருத்தமான டி செல் பெருகி வர ஒரு வாரம் பிடிக்கும். அதற்குள் சில வைரஸ்கள் எம்.எச்.சி.யை வெளியே வரவிடாமல் அமுக்கிவிடும். டி செல் ஏமாந்துபோகும், என்.கே. செல்லுக்கோ அந்த இல்லாமையே தடயம். 1986-இல் கிளாஸ் கார்ரே குழுவினர் எலிகளில் இதைக் காட்டினார்கள்.

வாசகர், பாம்பன்: சிவப்பணுவில் எம்.எச்.சி. கிட்டத்தட்ட இல்லையே, என்.கே. செல் ஏன் விட்டுவைக்கிறது?

அருமையான கேள்வி. செல்லின் மேலுள்ள எம்.எச்.சி.தான் என்.கே. செல்லைத் தடுத்து நிறுத்தும் தடை. அந்தத் தடை நீங்கினால் மட்டும் போதாது, தூண்டலும் வேண்டும். அழுத்தத்தில் உள்ள செல்லில் தூண்டும் மூலக்கூறு முளைக்கும்; சிவப்பணுவில் அது இல்லை.

வாசகர், கீழக்கரை: 'அழுத்தத்தில் உள்ள செல்' என்பது மன அழுத்தத்தால் வருவதா?

மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டி.என்.ஏ. சேதம், வைரஸ் தொற்று, புற்றுநோய் மாற்றம் ஆகியவற்றால் செல்லுக்கு வரும் நெருக்கடி அது. அப்போது மைக்-ஏ, மைக்-பி என்ற புரதங்கள் மேற்பரப்பில் முளைக்கும். என்.கே. செல் தன் என்.கே.ஜி.2டி ஏற்பியால் அவற்றைப் பிடித்து ஒட்டி நிற்கும்; உள்ளிருக்கும் துகள்களை ஒட்டிய பக்கமாக நகர்த்திக் கொட்டும். துகள்களில் உள்ள பெர்ஃபோரின் என்ற புரதம் துளையிட, கிரான்சைம் என்ற நொதி நுழைய, செல் சுருங்கி உடையும். புற்று செல்லும் சும்மா இருப்பதில்லை. மைக்-ஏவை வெட்டி ரத்தத்தில் உதிர்த்துவிடும். உதிர்ந்தது ஏற்பியில் ஒட்ட, என்.கே. செல் அந்த ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்ளும்; புற்று செல் தப்பிக்கப் பார்க்கும்.

வாசகர், மண்டபம்: டி.பி. சோதனைக்கான மாண்டூ ஊசி போட்ட இடம் சிவந்துவிட்டது. டி.பி.தானே?

எத்தனை மணி நேரம் கழித்துப் பார்த்தீர்கள், தடிப்பு எவ்வளவு, எதையும் எழுதவில்லை. சிவப்பு கணக்கில்லை. 48 முதல் 72 மணி நேரத்துக்குள், பால்பாயிண்ட் பேனாவை வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெல்ல இழுங்கள். தட்டி நிற்கும் இடத்தில் கோடு. மறுபக்கமும் அப்படியே. முன்கைக்குக் குறுக்காக இரு கோடுகளுக்கு இடையே அளக்க வேண்டும். 10 மி.மீ. வந்தால் பாசிட்டிவ். டி செல்களுக்குக் கிருமியின் நினைவு இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். நோய் உண்டா என்பதைச் சளியும் மார்பு எக்ஸ்ரேயும் சொல்லும். ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

வாசகர், ஏர்வாடி: வலை இழுத்துத் தோளும் முட்டியும் வலி. கடையில் பொட்டலமாகத் தரும் சின்ன மாத்திரையை மூன்று மாதமாகப் போடுகிறேன். எதிர்ப்புச் சக்தி குறையுமா?

மாத்திரையின் பெயர் எங்கே? பொட்டலத்தில் இருக்காது, அதுதான் என் ஆற்றாமை. அட்டையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தரும் எந்த மாத்திரையையும் வாங்காதீர்கள். ப்ரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், இதில் ஏதாவது ஒன்றாக இருந்தால் அது ஸ்டீராய்டு. எதிர்ப்புச் சக்தி நிச்சயம் குறையும்.

டி.பி. கிருமி நுரையீரலில் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் சுற்றி வளைத்து நிற்பதால்தான் அது அடங்கியிருக்கிறது. அந்த வளையத்தைக் கெட்டியாக வைத்திருப்பவை இன்டர்ஃபெரான் காமா, டி.என்.எஃப். என்ற சமிக்ஞைகள். ஸ்டீராய்டு இரண்டையும் மட்டுப்படுத்தும். வளையம் தளர்ந்து கிருமி வெளியேறும். காய்ச்சல்கூட மறைந்துபோவதால் நோய் முற்றும்வரை தெரியாது. தினம் 15 மி.கி. ப்ரெட்னிசலோன் ஒரு மாதம் எடுத்தாலே மாண்டூ பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். சர்க்கரையும் ஏறும்.

பயந்துபோய் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அது ஸ்டீராய்டாக இருந்தால், உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரீனல் சுரப்பி மூன்று மாதத்தில் தன் வேலையை விட்டிருக்கலாம். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், அதுவும் நடுக்கடலில். மீதி மாத்திரைகளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வாசகர், தேவிபட்டினம்: கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் என்.கே. செல் கூடுமா?

கஞ்சி நல்ல உணவு, குடியுங்கள். ரத்தத்தின் லிம்போசைட்டுகளில் பத்தில் ஒன்று என்.கே. செல்; நலமாக இருப்பவருக்கு அதுவே போதும். கூடவே பொட்டல மாத்திரை ஏதும் போடுகிறீர்களா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அட்டையில் உள்ள பெயரோடு.