மூன்று லட்சம் இருக்கிறது: பள்ளிக்கு டேப்லெட்டும் பேனாவும் வாங்கலாமா?

கேள்வி இதுதான்: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி. பழைய மாணவர்கள் சேர்ந்து 3 லட்ச ரூபாய் திரட்டியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேருக்கும் ஆளுக்கொரு டேப்லெட், அதில் எழுத ஒரு பேனா என்று வாங்கிக் கொடுத்தால் உருப்படியாக இருக்குமா?

அண்ணாச்சி, 30 வேண்டாம், 10 போதும். பேனாவைப் பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள், வாத்தியார் கையில் கொடுங்கள்.

பேனாவில்தான் காசு அதிகம் வீணாகிறது, அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம். 150 ரூபாய்க்குக் கிடைக்கிற ரப்பர் முனைப் பேனா உண்மையில் பேனாவே இல்லை, விரலுக்குப் பதில் விரல். டேப்லெட்டின் கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் ஓடுகின்றன, பத்தமடைப் பாயில் பாவும் ஊடும் ஓடுவதுபோல. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய 4, 5 மில்லிமீட்டர். விரல் படும்போது அங்கே மின்னேற்றம் மாறுகிறது, அதை வைத்துத்தான் இடத்தைக் கணக்குப் போடுகிறது. ரொம்பச் சின்னதாக எது பட்டாலும் கண்டுகொள்ளாது. ஆகவே முனை 6 மில்லிமீட்டர் போலத் தடியாக இருந்தாக வேண்டும். அந்தத் தடிமனில் 'க்' எழுதிப் பாருங்கள், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'ணை' எழுதினால் சுழியெல்லாம் அடைந்துபோகும். நாலு வார்த்தையில் பக்கம் நிரம்பிவிடும். போதாததற்கு அந்த ரப்பர் சீக்கிரமே கிழியும், கிழிந்தபின் கண்ணாடியில் இழுபடும். துணி வலை போட்ட முனை கொஞ்ச நாள் கூடுதலாக உழைக்கும், அவ்வளவே.

அடுத்தது 500 முதல் 1,500 ரூபாய் வரை விற்கிற சார்ஜ் போடும் பேனா. முனை மெல்லிசாக, பார்க்க அசல் பேனாபோலவே இருக்கும். ஆனால் இதுவும் 'நான் ஒரு விரல்' என்று மின்சாரத்தால் பொய் சொல்கிற சாமான்தான். டேப்லெட்டுக்கு இதுவும் விரல், எழுதும்போது கீழே ஊன்றுகிற உள்ளங்கையும் விரல். கை பட்ட இடத்திலெல்லாம் கோடு விழும், பக்கம் நகரும், பெரிதாகும். அழுத்தி எழுதினால் தடிமனாக விழுவது என்பதும் கிடையாது. பெட்டியில் 'பாம் ரிஜெக்ஷன்' (உள்ளங்கை பட்டால் கண்டுகொள்ளாத வசதி) என்று பெரிதாகப் போட்டிருந்தால் அடியில் இருக்கிற பொடி எழுத்தையும் படியுங்கள். பெரும்பாலும் 2018க்குப் பிறகு வந்த ஐபேடுகளுக்கு மட்டும் என்றுதான் இருக்கும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அந்த வசதி வேலை செய்யாது.

உண்மையில் எழுத முடிகிற பேனா வேறு ஜாதி. அதற்குத் திரையோடு சேர்த்துத் தனியாக ஓர் உணர் அடுக்கு இருக்க வேண்டும். சாம்சங்கின் எஸ் பென் அந்த வகை: திரைக்கு அடியிலிருந்து வருகிற காந்தப்புலத்திலேயே அது இயங்குகிறது, எழுதுவதற்கு பேட்டரி தேவையில்லை. பேனா பக்கத்தில் வந்ததுமே டேப்லெட் அதை அடையாளம் கண்டு, உள்ளங்கையை ஒதுக்கிவிடும். ஆனால் இப்படிப்பட்ட டேப்லெட்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும். க்ரோம்புக் என்கிற கூகுள் வகை லேப்டாப்களில் வருகிற யூஎஸ்ஐ பேனாவும் உள்ளங்கையைத் தனியாகப் பிரித்தறியும், ஆனால் கருவியே அதற்கென்று செய்யப்பட்டிருந்தால்தான் எழுதும். எந்த டேப்லெட்டை வாங்கிவிட்டும் பின்னால் இந்த வசதியைச் சேர்க்க முடியாது.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையிலோ ஜங்ஷனிலோ கடைக்குப் போனால் இதைச் செய்யுங்கள். ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து, பேனாவால் ஐந்து விநாடி எடுத்து மெதுவாகக் கோடு இழுங்கள். நல்ல பேனாவில் கோடு நேராக வரும். விரல்வேஷப் பேனாவில் பாம்பு நெளிந்ததுபோல வரும், ஏனென்றால் இரண்டு மின்கோட்டுக்கு நடுவே இருக்கிற இடத்தை அது ஊகித்துத்தான் போடுகிறது. கடைக்காரர் சர்ரென்று கையெழுத்துப் போட்டுக் காட்டுவார். வேகமாக எழுதினால் மென்பொருள் நெளிவை மழுப்பிவிடும், அதில் ஏமாறாதீர்கள். பிறகு மணிக்கட்டை நன்றாக ஊன்றிக்கொண்டு 'திருநெல்வேலி ஜங்ஷன்' என்று எழுதிப் பாருங்கள். ஏசி கடையில் தேறியது சித்திரை வெயிலில் வியர்த்த கையோடு தேறாமல் போவதும் உண்டு. ஈரம் பட்டால் கண்ணாடி தானாகவே தொடுதலைப் பதிவு செய்யும்.

இத்தனைக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்தை எங்கே பழக வேண்டும்? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு பொதுத்தேர்வு காகிதத்தில், பேனாவில். மை ஓடுகிற வேகம், கை வலி, வரி நேராகப் போவது எல்லாம் நோட்டில்தான் பழகும்.

டேப்லெட் பார்க்க, கேட்க, தட்டச்சுச் செய்ய. பாடநூலில் இருக்கிற க்யூஆர் கோடு காணொளி, தமிழக அரசின் மணற்கேணி பாடச் செயலி, வரைபடத்தில் தாமிரபரணியைப் பொதிகையிலிருந்து புன்னக்காயல் வரை தொட்டுக்கொண்டே போவது, தமிழ்99 விசைப்பலகை. இதற்கெல்லாம் மூன்று பேருக்கு ஒன்று என்றால்தான் பிள்ளைகள் பேசிக்கொண்டு செய்வார்கள். ஆளுக்கொன்று கொடுத்தால் 40 நிமிட வகுப்பில் எடுத்துக் கொடுத்து, பூட்டுத் திறந்து, திரும்ப எண்ணி வாங்குவதற்கே கால் மணி நேரம் போய்விடும். இன்னொன்று, போன் ஹாட்ஸ்பாட்டில் சாதாரணமாக எட்டுப் பத்துக் கருவிதான் ஏறும். மாஞ்சோலைப் பக்கம்போல சிக்னலே இல்லாத இடமென்றால் மத்திய அரசின் தீக்‌ஷா செயலியில் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு போக வேண்டும்.

டேப்லெட்டில் 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், மெமரி கார்டு போடும் வசதி, இதற்குக் கீழே இறங்காதீர்கள். 32 ஜிபி என்றால் கணிசமான பகுதியை ஆண்ட்ராய்டே சாப்பிட்டுவிடும். 2011இல் மத்திய அரசு மாணவர்களுக்கென்று கொண்டுவந்த மலிவு டேப்லெட் ஆகாஷ் ஞாபகமிருக்கும்: 256 எம்பி ராம், அழுத்தினால்தான் வேலை செய்கிற திரை. குச்சியால்கூட அதில் எழுதலாம், ஆனால் எழுதுவதற்குள் பொறுமை போய்விடும். அதைவிட முக்கியம், ரிப்பேர் என்றால் திருநெல்வேலியிலேயே பார்ப்பார்களா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா என்று வாங்குவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

வாத்தியாருக்கு வாங்கச் சொன்னது பென் டேப்லெட் என்கிற பலகை. திரை கிடையாது, யூஎஸ்பி வயரில் லேப்டாப்போடு சேரும், 2,500 முதல் 4,000 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். வேகாம், ஹூயான், எக்ஸ்பி-பென் எல்லாவற்றிலும் இந்த விலையில் உண்டு. பேனாவுக்கு பேட்டரி வேண்டாத மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். வேகாம் சிடிஎல்-472 பலகையில் எழுதும் இடம் 152க்கு 95 மில்லிமீட்டர், அரைப் பக்க நோட்டு அளவுதான், கணக்குப் பாடத்துக்கு அது தாராளம். ஓபன்போர்டு என்ற இலவச மென்பொருளைப் போட்டு, பாடநூல் பிடிஎஃப்பைத் திறந்து அதன்மேலேயே எழுதலாம், எழுதியதைச் சேமித்து அடுத்த நாள் அங்கிருந்தே தொடரலாம்.

இதில் வழக்கமாக மூன்று சிக்கல் வரும். ஒன்று, புரொஜெக்டரை மாட்டியதும் வட்டம் முட்டையாகிவிடும். விண்டோஸ் இரண்டு திரையையும் ஒன்றாக நினைத்துப் பலகையை இரண்டுக்கும் பங்கு போட்டிருக்கும். விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்தி 'டூப்ளிகேட்' வையுங்கள், அல்லது டிரைவரில் (பலகையை இயக்க லேப்டாப்பில் போடுகிற மென்பொருள்) ஒரே திரையைத் தேர்ந்தெடுங்கள். அதன்பிறகும் சப்பையாக இருந்தால் அதே டிரைவரில் 'ஃபோர்ஸ் புரொபோர்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். இரண்டு, பேனாவை வைத்ததும் ஒரு வளையம் சுற்றி, முதல் கோடு தாமதமாக விழும். அது 'அழுத்திப் பிடித்தால் வலது கிளிக்' என்கிற அமைப்பு, அணைத்துவிடுங்கள். மூன்றாவது மனுஷ சிக்கல். கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து எழுத வேண்டும். தினம் கால் மணி நேரம் என்று இரண்டு வாரம் பழகினால் கை படிந்துவிடும். முதல் நாளே வகுப்பில் எழுதச் சொன்னால் அந்தப் பலகை பீரோவுக்குப் போய்விடும், திரும்பி வராது.

இதற்கும் காசு இல்லையென்றால், ஒரு ஸ்டாண்டில் போனைக் கவிழ்த்து மாட்டி, அடியில் நோட்டை வைத்து எழுதுவதைப் புரொஜெக்டரில் காட்டலாம். சின்ன வகுப்புக்கு அது இன்னும் நல்லது, கை எப்படிப் போகிறது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

பெற்றோர் பலர் 'டேப்' என்று நினைத்து வாங்குகிற இன்னொரு சாமான் உண்டு: டவுன் ரத வீதிக் கடைகளில் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிற எல்சிடி எழுதுபலகை. இது கணினியே இல்லை. அழுத்தினால் உள்ளே இருக்கிற திரவப் படிகம் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான், நகத்தால் கீறினாலும் எழுதும். எழுத மின்சாரம் வேண்டாம், அழிக்க மட்டும் பட்டன் செல் வேண்டும். சேமிக்க முடியாது, பாதியை மட்டும் அழிக்கவும் பெரும்பாலானவற்றில் முடியாது. ஆனால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு சிலேட்டுக்குப் பதிலாக இதைவிட நல்லது இல்லை என்பது என் எண்ணம், கை பட்டாலும் கோடு கலையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: செல் இருக்கிற மூடிக்குத் திருகாணி கட்டாயம் இருக்க வேண்டும். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அது அரித்துவிடலாம். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கணக்கு ஏறக்குறைய இப்படி வரும். டேப்லெட் 10, தலா 12,000 என்று 1,20,000. உறை, கண்ணாடி 8,000. பென் டேப்லெட் 2, 7,000. புரொஜெக்டர் இல்லையென்றால் 45,000. சார்ஜ் பெட்டி 6,000. சிறு வகுப்புக்கு எழுதுபலகை 30, 7,500. மொத்தம் 1,93,500. மீதி 1,06,500 பாங்கில் கிடக்கட்டும், மூன்றாம் வருஷம் பேட்டரிக்கும் உடைந்த திரைக்கும் அது தேவைப்படும்.

சார்ஜ் போடும் மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். 7,000 எம்ஏஎச் பேட்டரி என்றால் சுமார் 27 வாட்-மணி. நஷ்டத்தையும் சேர்த்துப் பத்து டேப்லெட்டையும் ஒருமுறை முழுதாக ஏற்ற அரை யூனிட்டைத் தாண்டாது. பயப்பட வேண்டியது சூட்டுக்கு. தகரக் கூரைக்கு அடியில் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டி சார்ஜ் போட்டால் பேட்டரி உப்பித் திரையைத் தூக்கிவிடும். கதவைத் திறந்து வைத்து, ஆள் இருக்கும்போது, பள்ளி நேரத்தில் ஏற்றுங்கள். ராதாபுரம், பணகுடிப் பக்கம் என்றால் ஆடிக் காற்றில் சார்ஜ் துளைக்குள் மண் ஏறும், ரப்பர் மூடி உள்ள உறை வாங்குங்கள். உவரிக் கரையில் உப்புக்காற்று அதே துளையைத் துருவாக்கும்.

முழு ஆண்டு விடுமுறைக்குப் பூட்டும்போது பாதி சார்ஜ் இருக்கட்டும். சுத்தமாகத் தீர்ந்துபோய் இரண்டு மாதம் கிடந்தால் பேட்டரி எழுந்திருக்காது. கூகுள் கணக்கு எந்த ஆசிரியருடைய சொந்தக் கணக்காகவும் இருக்கக் கூடாது. அவர் மாறுதலாகிப் போனபின் யாராவது ரீசெட் செய்தால், பழைய கணக்கின் கடவுச்சொல் இல்லாமல் டேப்லெட் திறக்காது. பள்ளிப் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, கடவுச்சொல்லை இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணுக்கு நேரே எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தோடு வையுங்கள்.