பீடிக்கடையில் இலை குறைந்தால் பிள்ளைகள் படிப்பு ஏன் நிற்கிறது? முன்கூட்டியே என்ன செய்யலாம்?

கேட்டவர் நெல்லை, தென்காசி மாவட்டங்களில் பீடி சுற்றும் முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கமாகத்தான் இருப்பீர்கள்.

மந்தம் வந்தால் பீடிக்கடையில் யாரையும் நிறுத்த மாட்டார்கள். வீட்டில் சுற்றக் கொடுக்கும் இலையையும் புகையிலைத் தூளையும் குறைப்பார்கள். ஆறு நாள் சுற்றியவருக்கு மூன்று நாள் வேலைதான். 2016 ஏப்ரலில் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்ற விதியால் கம்பெனிகள் உற்பத்தியை நிறுத்தின. நவம்பரில் நோட்டு செல்லாமல் போனது. 2017இல் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஒவ்வொரு முறையும் அடி விழுந்தது சுற்றுகிற பெண்கள் மேல்தான். சரக்கு தேங்கினால் கழிவும், அதாவது கடையில் ஒதுக்கும் பீடியும் கூடும். நல்ல மாதத்தில் எடுத்துக்கொண்ட பீடியையே மடக்கு சரியில்லை என்று ஒதுக்குவார்கள். ஈடுகட்ட, பாஸ் (கம்பெனி தரும் கணக்குப் புத்தகம்) இல்லாமல் கமிஷன்காரரிடம் குறைந்த கூலிக்கு இலை வாங்குவார்கள். எண்ணிக்கை எட்டாதபோது ஏழாம் வகுப்புப் பிள்ளை பீடித் தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பீடியின் தலையை மடக்கும். முதலில் சாயங்காலம் மட்டும், அப்புறம் பள்ளிக்கூட நாளிலும்.

ஆனால் பள்ளியை நிறுத்துவது பெரும்பாலும் வாராந்திரக் குழுக் கடன். இலை பாதியானாலும் தவணை பாதியாகாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், வசூலுக்கு வருபவர் வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். மூன்று நாள் கூலியில் கட்ட முடிகிற தவணைக்கு மேல் கடன் வாங்காதீர்கள்.

வேலை ஓடுகிற மாதத்திலேயே காகிதங்களைச் சரிசெய்யுங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை உதவித்தொகை உண்டு: 9, 10ஆம் வகுப்புக்கு 2000 ரூபாய், 11, 12க்கு 3000. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பணம் வராமல் போவது பெரும்பாலும் வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததாலும், பள்ளியில் விண்ணப்பத்தைச் சரிபார்த்து அனுப்பாததாலும்தான். விண்ணப்பித்த வாரமே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். தனியார் பள்ளி வேன் கட்டணத்தில் திணறுகிறவர்கள் பிள்ளையை ஆறாம் வகுப்பிலேயே அரசுப் பள்ளியில் சேருங்கள். 6 முதல் 12 வரை அங்கே படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் கிடைக்கும். பாதியில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அது போய்விடும்.

"பீடி உடம்புக்குக் கேடு, தொழிலே ஒழியட்டும்" என்று இங்கே சிலர் எழுதுவார்கள். கேடுதான், மறுக்கவில்லை. அந்தத் தூளை நாளெல்லாம் மூச்சில் இழுக்கிற பெண்ணுக்கு மாற்று வேலை என்ன என்று மட்டும் அவர்கள் எழுதுவதே இல்லை. ஊருக்கு ஒரு தையல் பயிற்சி வகுப்பு நடத்தி, சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தைக்கத் துணி யார் தருவது?

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) இருப்பவர்கள் ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் கணக்கோடு பொருந்துகிறதா என்று இப்போதே பாருங்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவைக்க அதில் முன்பணம் எடுக்கலாம். பொருந்தாவிட்டால், பழைய கணக்குகளுக்குத் திருத்தப் படிவத்தில் கம்பெனி கையெழுத்து வேண்டியிருக்கும். மந்த மாதத்தில் அதை வாங்க அலைய வேண்டியிருக்கும்.