மெயினை இறக்கினாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்

வெள்ளம் வடிஞ்சிடுச்சு, ஈபி சப்ளையும் இல்லை, நனைஞ்ச பிளக்கைத் துடைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தொடாதீங்க. உங்க வீட்டு இன்வெர்ட்டர் ஓடிக்கிட்டிருக்கு. அதோட இணைச்ச பிளக்கில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். மெயினை இறக்கினா ஈபி மட்டும்தான் நிற்கும், பாட்டரி நிற்காது. இன்வெர்ட்டர் சுவிட்சையே அணைக்கணும். அங்கே தரை ஈரமா இருந்தா கிட்டே போகாம எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

வெளியே துடைச்சு பிரயோஜனமும் இல்லை. தட்டைக் கழற்றினா பின்னாடி பெட்டியில் சேறு அப்பியிருக்கும், கரண்ட் கசிவு அங்கேதான். காயவெச்சு, மெக்கர் (வயரோட இன்சுலேஷனை அளக்குற மீட்டர்) வெச்சு எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்க. 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினா அந்த லைனை ஏத்தாதீங்க.

சப்ளை வந்ததும் எல்லா எம்சிபியும் (ஒவ்வொரு லைனுக்கும் இருக்கிற தனி சுவிட்ச்) கீழே இருக்க, ஆர்சிசிபியின் (கரண்ட் கசிஞ்சா சப்ளையை வெட்டுற சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. ஆர்சிசிபி உடனே கீழே விழலைன்னா அது வெறும் அலங்காரம், மாத்துங்க.