செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு முதுகலை படிக்கப் போகிறேன். விடுதிக்கு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்? பெரிய சூட்கேஸ் வாங்கலாமா? போர்வை எத்தனை வேண்டும், எந்த மாதிரி?

வாங்க வேண்டாம். வாங்கிவிட்டீர்கள் என்றால், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கேள்வியைக் கண்டும் காணாமல் போக என்னால் முடியவில்லை. நானும் செங்கோட்டைக்காரிதான். 2012-இல் இதே ஊரிலிருந்து இதே ஊருக்கு முதுகலை படிக்கப் போனவள். உங்கள் வீட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் "பெரிய சூட்கேஸ் வாங்கலாமா" என்று கேட்கிற வீடு எனக்குத் தெரிந்த வீடுதான். குடும்பத்தில் முதன்முதலாக வெளியூர் போய்த் தங்கிப் படிக்கப் போவது நீங்கள். அம்மா முறுக்குக்கு மாவு திரித்தாகிவிட்டது. அங்கே அது கிடைக்காது, இது கிடைக்காது என்று, கேரளத்துக்குப் போயே இராத நாலு பேர் தினமும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். இல்லை, வசதியான வீடு, காரில் போய் இறங்கப் போகிறீர்கள் என்றால் மன்னிக்கவும், இந்தப் பதில் உங்களுக்கு உதவாது.

முதலில் கட்ட வேண்டியது துணிமணி அல்ல, சான்றிதழ்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பட்டப்படிப்பின் எல்லாப் பருவங்களுக்குமான பட்டியல்கள், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மேலாக மைக்ரேஷன் சர்டிபிகேட், அதாவது வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகத் தடையில்லை என்று நாம் படித்த பல்கலைக்கழகம் தருகிற சான்றிதழ். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறவரிடம் அதைத்தான் கேட்பார்கள். நான் சேர்ந்தபோது, எங்கள் பட்டத்தைத் தங்கள் பட்டத்துக்கு நிகராக ஏற்றுக்கொள்வதாக அந்தப் பல்கலைக்கழகமே தருகிற தகுதிச் சான்றிதழ் ஒன்றையும் கேட்டார்கள். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். இப்போது நடைமுறை மாறியிருக்கலாம். சேர்க்கைக் கடிதத்தை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

மைக்ரேஷன் சர்டிபிகேட்டுக்காக நான் படித்த கல்லூரி அலுவலகத்துக்கு நடந்த நடை கொஞ்சமல்ல. பெயர் சொல்ல மாட்டேன், அந்த எழுத்தர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். போனால் சாப்பாட்டு நேரம் என்பார். சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றால், முதல்வர் கிளம்பிவிட்டார், நாளைக்கு வா என்பார். ஒருநாள் என் விண்ணப்பத்தின்மேல் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. அடியில் வட்டமாகக் குழம்புக் கறை. "வேறு எழுதிக் கொண்டு வா" என்றார். நான் நகரவில்லை. அங்கேயே ஒரு தாள் வாங்கி, அவர் மேசையிலேயே வைத்து எழுதி, அவர் கையெழுத்துப் போடும்வரை நின்றேன். திமிர் பிடித்தவள் என்று அன்று வாங்கிய பெயர் இன்றைக்கும் அங்கே இருக்கிறது என்று கேள்வி. இருந்துவிட்டுப் போகட்டும்.

சான்றிதழ்களை எப்படிக் கொண்டு போனேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அப்பா பிரானூரில் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தார். மெல்லிய பிளைவுட் துண்டுகள் இரண்டை அளவாக அறுத்து, முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொண்டு வந்தார். கனமான பாலித்தீன் உறைக்குள் சான்றிதழ்களை வைத்து, அந்த இரண்டு பலகைகளுக்கும் நடுவே கொடுத்து, அம்மா பீடி கட்டும் சிவப்பு நூலைப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றிக் கட்டினார். அம்மா பீடி சுற்றுகிறவர். அந்த முடிச்சு இழுத்தால் அவிழும், தானாக அவிழாது. இதைப் பார்த்து எங்கள் தெருவில் சிரித்தவர்கள் உண்டு. பிளாஸ்டிக் ஃபைல் பத்து ரூபாய்க்குக் கிடைக்குமே என்றார்கள். மழைக்காலத்துப் பஸ்ஸில் அந்தப் பத்து ரூபாய் ஃபைலின் கதி என்ன என்று அவர்களுக்குத் தெரியாது.

லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். சேர்க்கும்போது மதிப்பெண் பட்டியலின் பின்புறம் முத்திரை குத்துகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. பிளாஸ்டிக்கின்மேல் முத்திரை நிற்காது.

சேர்க்கை அன்று எனக்கு முன்னால் மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று நின்றது. மூன்று சூட்கேஸ், ஒரு மெத்தைச் சுருள், புது மேசை விளக்கு. எல்லாம் இருந்தது, மைக்ரேஷன் இல்லை. போய் வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். அடுத்து நான். கையில் ஒரு கட்டைப்பை, தோளில் ஒரு பை, நூல் சுற்றிய பலகை. கவுண்டரில் இருந்தவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். நூலை அவரே அவிழ்த்தார். பத்து நிமிடத்தில் என் வேலை முடிந்தது. அந்தக் குடும்பத்தைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. பாவம், அந்தப் பெண் அழுதுவிட்டாள். சூட்கேஸுக்கு அலைந்த நேரத்தில் பாதியைக் கல்லூரி அலுவலகத்தில் நின்றிருக்கலாமே என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

சாதிச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். வெளி மாநிலத்தவர் என்பதால் அங்கே இட ஒதுக்கீட்டுக்கு அது உதவாது, ஆனால் மத்திய அரசின் உதவித்தொகை எதற்காவது கேட்பார்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் உதவித்தொகை உண்டு. உங்கள் வீட்டிலும் பீடி சுற்றுகிறார்கள் என்றால் அம்மாவின் அடையாள அட்டை நகல் கைவசம் இருக்கட்டும். வெளி மாநிலத்தவள் என்று விண்ணப்பத்தில் எழுதும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் தாத்தா பிறந்த காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம். ஊர் வளைவில் அந்தச் சமஸ்தானத்தின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. அந்த ராஜாவின் தலைநகரத்தில் பேத்தி வெளியூர்க்காரி.

இன்னொன்று. ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்று மாணவரும் பெற்றோரும் தனித்தனியே உறுதிமொழி தர வேண்டும். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதி அது. அதைத் தாளில் கேட்டால், கூலி போய்விடும் என்று அப்பா வரவில்லை என்றால், அவருடைய கையெழுத்தை வீட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால், பணிவாக மறுக்கலாம். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வேறு விஷயம், அதை வாங்கிக்கொள்வார்கள்.

இனி மழை. குற்றாலச் சாரலில் நனைந்து வளர்ந்தவர்களுக்கு மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதீர்கள். நமக்கு வருவது மலை தாண்டிச் சிந்துகிற மிச்சம். அங்கே ஜூனில் தொடங்கினால் தென்மேற்கு முடிந்த கையோடு ஐப்பசியில் வடகிழக்கும் வந்துவிடும், சாயங்காலமானால் இடியோடு. திருவனந்தபுரத்துக்கு இரண்டும் உண்டு. ஆகவே சீக்கிரம் காயாத துணி எதையும் எடுத்து வைக்காதீர்கள். ஜீன்ஸ் வேண்டாம். கனத்த பருத்தியும் வேண்டாம். மூன்று நாள் கொடியில் கிடந்து, நான்காம் நாள் நாற்றத்தோடு உடுத்த வேண்டியிருக்கும். சற்றுப் பாலியஸ்டர் கலந்த சுடிதார் நாலைந்து, பழைய நைட்டி, கொஞ்சம் அதிகமாகவே உள்ளாடைகள். நைலான் கயிறும் துணி கிளிப்பும் வைத்துக்கொள்ளுங்கள், அறைக்குள்ளேயே கொடி கட்ட உதவும். தோல் பை, தோல் செருப்பு இரண்டும் பூசணம் பிடிக்கும். என் அறைத்தோழியின் தோல் கைப்பை ஓணம் வருவதற்குள் பச்சைப் பட்டுப் போர்த்திக்கொண்டது.

குடையை அங்கே போய் வாங்குங்கள். ஆலப்புழைக் குடைக்கு ஈடு நம் ஊரில் இல்லை. இப்படிச் சொன்னதற்கு யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும்.

பஸ்ஸில் போவதால்தான் சூட்கேஸ் வேண்டாம் என்கிறேன். புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று மலை வளைவுகளில் போகிற பாதை. மழை வந்தால் ஜன்னல் திரையை எல்லோரும் இறக்கிவிடுவார்கள், உள்ளே இருட்டு. மேல் தட்டில் பெரிய பெட்டி நிற்காது. நடைபாதையில் வைத்தால் ஏறி இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். தலைசுற்றல் உள்ளவர் என்றால் எலுமிச்சம்பழமும் காலிப் பையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

உங்களுக்கு இப்போது ரயிலும் இருக்கிறது, கொல்லத்தில் மாறிக்கொள்ளலாம். எனக்கு இல்லை. 1904-இல் போட்ட பாதை. அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 செப்டம்பரில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையில் பழைய மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். திரும்ப முழுமையாக ரயில் ஓடியது 2018-இல். நான் படித்த காலம் மொத்தமும் அதற்குள் அடங்கிவிட்டது. காய்கறி, பூ, வைக்கோல் என்று அந்த ரயிலை நம்பிப் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது பதிமூன்று கண் பாலத்தின்மேல் ரயில் போவதை வீடியோ எடுத்துப் பாட்டுப் போட்டு வெளியிடுகிறார்கள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த எட்டு வருடத்தைப் பற்றி அதில் ஒருவர்கூடப் பேசுவதில்லை. பாதை மலையில் போடுவது, தாமதமாகத்தான் செய்யும் என்று விளக்கம் சொல்ல ரயில்வே ஆட்கள் வருவார்கள். தெரியும் ஐயா. சுரங்கம், பாலம், சரிவு எல்லாம் தெரியும். சுமையைத் தூக்கி நின்ற தோள் என்னுடையது, அவ்வளவுதான்.

சரி, சாப்பாடு. குத்தரிசிச் சோறு முதல் இரண்டு வாரம் வயிற்றில் கல்லாய்க் கிடக்கும், பிறகு பழகிவிடும். எனக்கு இப்போது அந்தச் சோறு இல்லாமல் மீன்குழம்பு ருசிப்பதில்லை. குடிக்கத் தருகிற தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், பதிமுகம் என்கிற மரத்தின் சீவலைப் போட்டுக் காய்ச்சியது. அம்மாவிடம் முறுக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். ஈரக்காற்றில் இரண்டே நாளில் நமுத்துப்போகும். அதற்குப் பதில் பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, புளிக்காய்ச்சல். விடுதியில் தமிழ்ப் பெண்களின் நட்பு மட்டுமல்ல, மலையாளப் பெண்களின் நட்பும் எனக்குப் புளிக்காய்ச்சலில் வந்ததுதான். ஊருக்கு வந்து திரும்பும்போது பிரானூர் பரோட்டா கேட்பார்கள். பஸ்ஸில் மணக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரளத்தைப் பற்றி உங்கள் அத்தையோ சித்தியோ பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மருந்து வைத்துவிடுவார்கள், வசியம் செய்துவிடுவார்கள் என்று என் அத்தை ஒரு தாயத்தே கட்டி அனுப்பினார். அதைக் கழற்றிப் பென்சில் டப்பாவில் போட்டு வைத்தேன். எறியவில்லை, அத்தை எப்போது வந்து கேட்பார் என்று சொல்ல முடியாது. அங்கே தமிழர்களான நம்மை இளக்காரமாகப் "பாண்டி" என்று விளித்தவர்களும் இருந்தார்கள். என் காய்ச்சலுக்கு இரவெல்லாம் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதச் சொல்லி யாரும் பின்னூட்டத்தில் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

வாளி, மக், பாய், தலையணை, ஹேங்கர், பூட்டு எதையும் ஊரிலிருந்து தூக்கிப் போகாதீர்கள். திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டை என்கிற இடத்தில் இறங்கி, சாலை என்ற பெயருள்ள கடைத்தெருவுக்குள் நுழைந்தால் எல்லாம் கிடைக்கும். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்திலிருந்து இருக்கிற சந்தை. தமிழ் பேசுகிற வியாபாரிகள் நிறைய. ஊர்ப் பெயரைச் சொல்லித் தமிழில் பேரம் பேசினால் வாளிக்கு ஐந்து ரூபாயாவது குறையும். எனக்குக் குறைந்தது.

போர்வை பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள் என்று இப்போதுதான் கவனித்தேன். ஒன்று போதும், மெல்லிய பருத்திப் போர்வை. கம்பளி வேண்டவே வேண்டாம், மழை விட்ட மறுநிமிடம் புழுங்கித் தள்ளும்.