மண் கேள்வி – பதில்: பனியுகத்தின் வயதை மண் சொல்லுமா?

கேள்வி: பனியாறு விட்டுப்போன மேடுகளில் குழி வெட்டி, மண்ணைப் பார்த்தே ‘இது பழையது, அது புதியது’ என்கிறார்களே, எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பதில்: பனியாறு தள்ளிக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் அதன் விளிம்பில் மேடாகக் குவிகின்றன. மொரெய்ன் என்பது இதைத்தான். பனி விலகிய நாளிலிருந்து அந்த மேட்டில் மண் முதிரத் தொடங்குகிறது. எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

குழியை மேட்டின் உச்சியில், அகலமான சமதளத்தில் வெட்டுங்கள். சரிவில் மேல்மண் அரித்துப் போயிருக்கும், வயது குறைவாகத் தோன்றும். அடிவாரத்தில் மேலிருந்து இறங்கிய மண் சேர்ந்து தடித்திருக்கும், அதுவும் ஏமாற்றும். ஆழம் ஒரு மீட்டராவது வேண்டும். பழைய மேடென்றால் இரண்டு. குழியின் சுவரைக் கரண்டியால் சீவிப் புது முகம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி மன்செல் வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். அந்தி வெயிலில் பார்க்காதீர்கள், எல்லா மண்ணும் சிவப்பாகத் தெரியும். இரும்பு ஆக்சைடு சேரச் சேர நிறம், அட்டையில் மஞ்சள்-சிவப்பைக் குறிக்கும் 10 ஒய்.ஆர். பக்கமிருந்து 7.5, 5 என்று சிவப்பை நோக்கி நகரும்.

அடுத்து களி. ஈர மண்ணைக் கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளுங்கள். எவ்வளவு நீளம் அறுந்துபோகாமல் வருகிறதோ அவ்வளவு களி. பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸில் கட்டிகளின் மேல் மெழுகு பூசியதுபோல் மினுங்கினால், களி மேலிருந்து இறங்கிப் படிந்திருக்கிறது. அதற்குக் காலம் பிடிக்கும். வறண்ட இடமென்றால் கற்களைப் புரட்டி, அடிப்பக்கத்தில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். இளம் மண்ணில் கல்லின் அடியில் மட்டும் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு நுரைக்கும். முதிர்ந்ததில் கற்களுக்கு இடையிலான மண்ணே வெளுத்திருக்கும்.

அமெரிக்காவின் வயோமிங்கில் விண்ட் ரிவர் மலையடியில், சுமார் 20,000 ஆண்டுப் பழமையான பைன்டேல் மேடுகளையும், ஏறத்தாழ 1,40,000 ஆண்டுப் பழமையான புல் லேக் மேடுகளையும் பிரிக்க இது போதும். இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டு இடைவெளியில் குவிந்த இரண்டு மேடுகளைப் பிரிக்கக் கேட்டால் மண் கைவிரித்துவிடும். மண் உருவாவதற்குத் தட்பவெப்பம், உயிரினம், நிலத்தின் மேடுபள்ளம், மூலப்பொருள், காலம் என ஐந்து காரணிகளை மண்ணியல் அறிஞர் ஹான்ஸ் ஜென்னி 1941-இல் வகுத்தார். முதல் நான்கும் ஒன்றுபோல் இருக்கும் மேடுகளைத்தான் வயதுக்காக ஒப்பிடலாம். மேலே கல்லே இல்லாமல் மாவுபோல் மண் இருந்தால், அது காற்று கொண்டுவந்த தூசி. அதோடு வந்த களியையும் முதிர்ச்சிக் கணக்கில் சேர்த்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

கேள்வி: பனியுகங்கள் நான்கு என்று படித்தோமே?

பதில்: புவியியல் அறிஞர்கள் பெங்க், புரூக்னர் இருவரும் 1909-இல் ஆல்ப்ஸை வைத்துச் சொன்ன கணக்கு அது. பெரிய பனியாறு முந்தைய சிறியதின் மேட்டை வழித்துத் துடைத்துவிடும். காற்றடித் தூசியான லோயஸ் அப்படியல்ல, மேல்மேலாகப் படியும். குளிர்க் கட்டத்தில் தூசி படியும், வெப்பக் கட்டத்தில் அதன் மேல் மண் உருவாகும், அடுத்த தூசி மூடினால் அது புதைமண். செக் நாட்டின் பிர்னோவில் செங்கல் சூளைக்கு வெட்டிய முகப்புகளில் புவியியல் அறிஞர் ஜார்ஜ் குக்லா இந்த அடுக்குகளை எண்ணியபோதே நான்கு போதவில்லை. சீன லோயஸ் மேட்டுநிலத்தில் இந்த அடுக்குகள் சுமார் 26 லட்சம் ஆண்டு பின்னோக்கிப் போகின்றன.

கேள்வி: காந்த அளவி வைத்தால் புதைமண் தானாகத் தெரியுமாமே?

பதில்: சீனாவில் தெரியும். மண் உருவாகும்போது நுண்ணிய காந்தக் கனிமங்கள் பிறப்பதால் புதைமண்ணில் எண் ஏறும். அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் பெரும்பாலும் நேர்மாறு: நீர் தேங்கிய மண்ணில் காந்தக் கனிமம் கரைந்துபோகும், பனியுகத்துப் பலத்த காற்று கனத்த காந்தத் துகளைத் தூசியிலேயே கொண்டுவந்து போட்டிருக்கும். ஊர் மாறினால் விதியும் மாறும்.

கேள்வி: புதைமண்ணை ரேடியோகார்பன் வயதுக் கணிப்புக்கு அனுப்பலாமா?

பதில்: 50,000 ஆண்டுக்கு மேல் பயனில்லை. 1,30,000 ஆண்டு மண்ணில் ஒரே ஒரு சதவீதம் இன்றைய வேரின் கார்பன் கலந்தால், விடை சுமார் 37,000 என்று வரும். பார்க்க நியாயமான எண், முழுப் பொய். புதைந்த துகள் கடைசியாக வெளிச்சம் கண்டு எவ்வளவு காலமாயிற்று என்று, அது வாங்கிய கதிரியக்கத்தை வைத்துக் கணக்கிடும் ஒளித்தூண்டல் முறைக்குப் போங்கள். மண்ணை விட்டுவிட்டு, அதற்கு மேலும் கீழும் உள்ள லோயஸில் எடுங்கள். மண்ணில் புழுவும் வேரும் துகள்களைக் கலக்கியிருக்கும். முகப்பை 30 செ.மீ. உள்ளே வெட்டி, 5 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. நீளமும் உள்ள உலோகக் குழாயை அடித்து இறக்கி, இடைவெளியே இல்லாமல் நிரப்பி, இருமுனையும் மூடிக் கறுப்பு நாடா சுற்றுங்கள். வெளிச்சம் பட்ட முனைகளை ஆய்வகம் கழித்துவிடும். ஈரப்பத அளவுக்கு அதே இடத்து மண்ணைத் தனிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி அனுப்ப மறக்காதீர்கள். நீர் கதிரியக்கத்தை விழுங்குவதால், ஈரப்பதக் கணக்கு ஒரு சதவீதம் பிசகினால் வயதும் ஏறக்குறைய அதே அளவு பிசகும்.